பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்த்தீர்களா?

"எஸ்எஸ்டி மாத்தியாச்சு, விண்டோஸ் இப்போ பறக்குது" என்று, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி எனும் சுழலாத வேக டிஸ்க்கை மாட்டிய யாராவது சொன்னால் எனக்கு உடனே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பார்த்தீர்களா? "அதை எதுக்குக் கழற்றணும், அதுபாட்டுக்கு உள்ளேயே இருக்கட்டுமே" என்பார்கள். இருக்கட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. படங்களும் பழைய கோப்புகளும் போட்டு வைக்க அது நல்ல இடம்தான். ஆனால் அது இல்லாமல் இந்தக் கணினி பூட் ஆகுமா, அதாவது விண்டோஸ் எழுந்து வருமா என்று தெரியாத வரை, இயங்குதளம் புது டிஸ்க்குக்கு வந்துவிட்டது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது.

என் தங்கை முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். கள ஆய்வுத் தரவுகள், நேர்காணல் ஒலிப்பதிவுகள், அத்தியாய வரைவுகள் எல்லாம் ஒரு மேசைக் கணினியில் இருந்தன. அது ஆமை வேகத்துக்கு வந்துவிட்டதால், பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, அதில் விண்டோஸைப் புதிதாக ஏற்றி வாங்கினாள். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்பின் நெடுநாள் எந்தத் தொல்லையும் இல்லை. ஆன் செய்தால் சில நொடிகளில் திரை தயார். வேலையை எல்லாம் புது டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டாள்.

பிறகு பழைய ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எதற்கு அறிகுறி என்று அவளுக்குத் தெரியும். கணினியை அணைத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து, அந்த டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் உருவிவிட்டாள். செய்ய வேண்டியதைத்தான் செய்தாள். திரும்ப ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: பூட் செய்ய எந்த டிஸ்க்கும் இல்லை.

"அண்ணா, சத்தம் போட்டது பழசு. கழற்றினதும் பழசைத்தான். புதுசு எப்படிண்ணா போகும்?" என்று போனில் கேட்டாள். நியாயமான கேள்வி. விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தவரிடம் ஏற்கெனவே பேசியிருந்தாள். எஸ்எஸ்டி கரப்ட் ஆகியிருக்கும், கொண்டு வாருங்கள், ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அவள் கொடுக்காமல் முதலில் என்னைக் கூப்பிட்டாள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பெருமூச்சு வருகிறது.

காரணம், எஸ்எஸ்டியில் ஃபார்மட் என்பது ஹார்ட் டிஸ்க்கில் செய்யும் ஃபார்மட் போல அல்ல. ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் செய்தால் பட்டியல்தான் போகும், உள்ளே இருக்கும் தரவின் பெரும்பகுதி அப்படியே கிடக்கும், மீட்பு மென்பொருள் வைத்துத் தோண்டி எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில், 2009-இல் வந்த விண்டோஸ் 7 தொடங்கி, ஃபார்மட் செய்யும்போதே "இந்த இடங்கள் இனித் தேவையில்லை" என்று டிரிம் கட்டளை டிஸ்க்குக்குப் போய்விடுகிறது. அதை வாங்கிக்கொண்ட டிஸ்க் தன் ஓய்வு நேரத்தில் அந்த இடங்களை உண்மையாகவே துடைத்துவிடும். அப்புறம் யார் வந்தாலும் எடுக்க முடியாது. நன்றாக இருக்கும் டிஸ்க்கை, நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமலே, ஃபார்மட் செய்யலாம் என்று ஒருவர் அவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகிறார். இதைத்தான் என்னால் விட முடியவில்லை.

காணாமல் போன 100 எம்பி

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்றை எடுத்துப்போனேன். அதிலிருந்து பூட் செய்து, முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை திறக்கும். பலருக்கு இந்த வழி தெரியாது. நிறுவல் தொடங்கியிருக்காது, எதுவும் அழியாது, டிஸ்க்கை உள்ளே போய்ப் பார்க்க ஒரு சன்னல் கிடைக்கும், அவ்வளவுதான். டிஸ்க்பார்ட் என்ற கருவியைத் திறந்து டிஸ்க்குகளைப் பட்டியலிடச் சொன்னேன். எஸ்எஸ்டி அங்கே முழு அளவோடு இருந்தது. இந்தச் சூழலில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம், நாம் சி என்று அறிந்தது வேறு எழுத்தில் இருக்கக்கூடும் என்பதால் வால்யூம் பட்டியலையும் பார்த்து, அவளுடைய பயனர் கோப்புறைக்குள் போனேன். அத்தியாயங்கள், ஒலிப்பதிவுகள், முந்தைய நாள் இரவு சேமித்த வரைவு, எல்லாம் தேதியோடு வரிசையாக வந்து நின்றன. தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கோப்பின் பெயரையும் வாய்விட்டுப் படித்தாள்.

டிஸ்க் சாகவில்லை. விண்டோஸும் சாகவில்லை. அப்படியென்றால் என்ன இல்லை? அந்த எஸ்எஸ்டி எந்தெந்தப் பகுதிகளாக (பார்ட்டிஷன்களாக) பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைப் போட்டதும் விடை கிடைத்தது. இரண்டே பார்ட்டிஷன்கள்: விண்டோஸ் தனக்காக ஒதுக்கி வைக்கும் 16 எம்பி ஒன்று, மீதி முழுக்க சி டிரைவ். வழக்கமாக முதலில் இருக்க வேண்டிய சின்னப் பார்ட்டிஷன், 100 எம்பி அளவில் பூட் கோப்புகளை வைத்திருக்கும் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், அதில் இல்லவே இல்லை. அது பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. இத்தனை நாளும் இந்தக் கணினி ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் முதலில் பழைய டிஸ்க்கைத்தான் தொட்டிருக்கிறது.

கணினி ஆன் ஆனதும் முதலில் இயங்குவது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் என்ற மென்பொருள். சி டிரைவில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் என்டிஎஃப்எஸ் வடிவத்தைப் படிக்க அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதற்கு நிச்சயமாகத் தெரிந்தது ஃபேட் வடிவம். அதனால்தான் ஃபேட் 32-இல் ஒரு சின்னப் பார்ட்டிஷன் தனியாக வேண்டியிருக்கிறது. ஃபர்ம்வேர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து, அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் விண்டோஸ் பூட் மேனேஜரை ஓடவிடும். பூட் மேனேஜர் பக்கத்திலேயே இருக்கும் பிசிடி என்ற கோப்பைப் படித்து, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே தாவும். தங்கையின் கணினியில் இந்தத் தாவல், பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு நடந்துகொண்டிருந்தது. பழையதிலிருந்து படித்தது சில எம்பி மட்டுமே என்பதால் வேகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மற்றபடி எல்லாம் எஸ்எஸ்டியிலிருந்து வந்ததால் கணினி பறக்கத்தான் செய்தது. கேபிளை உருவும் வரை கண்டுபிடிக்க ஒரு துப்பும் இல்லை.

இப்படி ஆனதற்கு யாரும் விஷமம் செய்யவில்லை. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது விண்டோஸை நிறுவினால், ஏற்கெனவே ஒரு டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருப்பதைப் பார்த்து, நிறுவி பல சமயம் அதையே எடுத்துக்கொள்கிறது. புது டிஸ்க்கில் இன்னொன்று உருவாக்குவதில்லை. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இந்த நடத்தை தேவைப்படவும் செய்யும். என் மனத்தாங்கல் வேறு. எந்த டிஸ்க்கில் எதை எழுதினேன் என்று நிறுவிக்குத் தெரியும், ஆனால் ஒரு வார்த்தை சொல்வதில்லை. "பூட் கோப்புகள் வேறொரு டிஸ்க்கில் வைக்கப்படுகின்றன, அதைக் கழற்றினால் இந்தக் கணினி பூட் ஆகாது" என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு ஆய்வேடே போயிருக்கும்.

சரிசெய்வது பெரிய வேலையாக இல்லை. முதலில் அவளுடைய கோப்புறை முழுவதையும் அதே கட்டளைத் திரையிலிருந்து ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டோம். அது முடியும் வரை வேறு எதையும் தொடவில்லை. பிறகு டிஸ்க்பார்ட்டில் சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, கிடைத்த காலி இடத்தில் 260 எம்பிக்கு ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட் 32-இல் ஃபார்மட் செய்து, எஸ் என்று எழுத்துக் கொடுத்தோம். இந்தப் பார்ட்டிஷன் டிஸ்க்கின் முதலில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கடைசியில் இருந்தாலும் ஃபர்ம்வேர் கண்டுபிடித்துக்கொள்ளும். அப்புறம் பிசிடிபூட் என்ற ஒரே ஒரு கட்டளை: விண்டோஸ் கோப்புறை இது, பூட் கோப்புகளை எஸ்-இல் எழுது, யுஇஎஃப்ஐ முறையில் எழுது. எழுதி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. பென் டிரைவை உருவிவிட்டு ஆன் செய்தோம். விண்டோஸ் வந்தது. பழைய டிஸ்க் மேசை மேல் கிடந்தது.

க்ளோனா, புதிதா?

அன்றிலிருந்து எஸ்எஸ்டி மாற்றம் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்கும் "க்ளோன் செய்யலாமா, புதிதாக ஏற்றலாமா" என்பது எனக்கு இரண்டாவது கேள்வியாகிவிட்டது. க்ளோன் என்றால் பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் நகலெடுப்பது. ஆனாலும் அதிலும் எனக்கு ஒரு கட்சி உண்டு. புதிதாக ஏற்றுவதுதான் சுத்தம், க்ளோன் செய்தால் பழைய குப்பையும் கூடவே வரும், வேகம் கிடைக்காது என்று அடித்துச் சொல்பவர்கள் நிறைய. வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தேடும் தரவு ஊசிமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டிய நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் நகர்வதும் இல்லாததால் இந்தக் காத்திருப்பு சுமார் 0.1 மில்லிநொடிக்கு இறங்கிவிடுகிறது. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிப்பதால் மொத்த வித்தியாசமும் இங்கேதான். பத்து வருடப் பழைய விண்டோஸை அப்படியே க்ளோன் செய்தாலும் இந்த ஆதாயம் முழுசாகக் கிடைக்கும்.

எதிர்ப்பக்கம், வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்துக்கொண்டவை எல்லாம் க்ளோனில் அப்படியே வருகின்றன: குறுக்கு விசைகள், எழுத்துருக்கள், அச்சுப்பொறி அமைப்பு, திரும்ப உரிமம் கேட்கும் மென்பொருள்கள். தங்கை புதிதாக ஏற்றிய விண்டோஸில் தன் பழைய வேலைச் சூழலைத் திரும்பக் கொண்டுவரப் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் நலமாக இருந்தால் க்ளோன்தான் என் முதல் தேர்வு. வைரஸ் புகுந்ததாகச் சந்தேகம் இருந்தால், பழைய டிஸ்க்கே பழுதாகி வாசிப்புப் பிழைகள் வந்தால், அப்போது மட்டும் புதிது. இன்னொரு விதிவிலக்கும் உண்டு. எக்ஸ்பி காலத்து டிஸ்க்குகளில் முதல் பார்ட்டிஷன் 63-வது செக்டரில் தொடங்கும், அதாவது 32256-வது பைட்டில். அது 4096-ஆல் மிச்சமின்றி வகுபடாது. எஸ்எஸ்டி தரவைக் கையாளும் பக்க எல்லைகளோடு இது பொருந்தாமல், எழுதும் ஒவ்வொரு துணுக்கும் இரண்டு பக்கங்களில் கால் வைக்கும். விஸ்டாவிலிருந்து 1 எம்பி எல்லையில் தொடங்குவதால் இப்போது இந்தத் தொல்லை அபூர்வம், ஆனால் அதே டிஸ்க்கையே மேம்படுத்தி மேம்படுத்தி ஓட்டி வந்தவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

க்ளோனிலும் அதே 100 எம்பி பள்ளம் இருக்கிறது. சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் பூட் பார்ட்டிஷன் பழைய டிஸ்க்கிலேயே நின்றுவிடும். முழு டிஸ்க்கையும் நகலெடுப்பதுதான் சரி. அப்போது வேறொரு சிக்கல்: டிஸ்க்கின் அடையாள எண்ணும் பார்ட்டிஷன்களின் அடையாள எண்களும் சேர்ந்தே நகலாகிவிடக்கூடும். ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளி, பயன்படுத்த முடியாமல் வைத்துவிடும். ஆகவே க்ளோன் முடிந்த பின் முதல் பூட் புது டிஸ்க் மட்டும் மாட்டிய நிலையில் நடக்க வேண்டும். எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 இடம் ஒன்றே ஒன்று மட்டும் உள்ள மடிக்கணினிகளில் இது தானாகவே நடந்துவிடுகிறது. புது டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு க்ளோன் செய்து, பழையதைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை மாட்டுகிறோம். அந்த முதல் பூட்டே பரீட்சை. இரண்டு டிஸ்க்குக்கும் இடமுள்ள மேசைக் கணினிகளில்தான் பரீட்சை எழுதாமலே தேறிவிட்டதாக நினைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

பழைய இணைப்பு முறையான சாட்டா டிஸ்க்கிலிருந்து வேகமான புது முறையான என்விஎம்இ டிஸ்க்குக்குப் போகும்போது நீலத்திரை வந்து, பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்று சொன்னால் பயப்பட வேண்டாம். பழைய விண்டோஸ் இதுவரை என்விஎம்இ டிரைவரைப் பூட் நேரத்தில் ஏற்ற வேண்டிய தேவையே இல்லாமல் இருந்திருக்கும். ஒருமுறை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில், எழுப்பினால் பெரும்பாலும் அது டிரைவரைச் சேர்த்துக்கொள்ளும். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் குறியாக்கம் போட்டிருப்பவர்கள் 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும். நான் போடவில்லையே என்று சொல்பவர்களும் பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல கணினிகளில் குறியாக்கம் தானாகவே போடப்பட்டுவிடுகிறது.

லினக்ஸ் பக்கம்

என் சொந்த வேலை லினக்ஸில். அங்கே இதே விஷயம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தால் எந்தப் பார்ட்டிஷன் எந்த யுயுஐடியோடு (அடையாள எண்ணோடு) எங்கே மவுண்ட் ஆகிறது, அதாவது இணைக்கப்படுகிறது என்று வரிவரியாக இருக்கும். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வைத்துப் புது டிஸ்க்குக்கு நகலெடுத்தால், புதுப் பார்ட்டிஷனின் யுயுஐடியை அங்கே நாமே மாற்ற வேண்டும், பூட் செய்யும் நிரலான க்ரப்பைப் புது டிஸ்க்கில் நிறுவ வேண்டும், பூட் தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மறுபடி உருவாக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பழைய டிஸ்க் மாட்டியிருக்கும் வரை எல்லாம் ஓடும், ஃபைண்ட்மவுண்ட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால்தான் ரூட், அதாவது லினக்ஸின் மூலப் பார்ட்டிஷன், இன்னும் பழைய டிஸ்க்கிலேயே இருப்பது தெரியும். டிடி கட்டளையால் அப்படியே நகலெடுத்தால் யுயுஐடியும் இரட்டையாகிவிடும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு வடிவம் இரண்டாவதை மவுண்ட் செய்யவே மறுத்துவிடும், அது நல்லது. இன்னொரு வடிவமான பிடிஆர்எஃப்எஸ் குழம்பித் தரவையே கெடுத்துவிடக்கூடும், அதனால் அந்த வடிவம் வைத்திருப்பவர்கள் டிடி நகலையும் மூலத்தையும் சேர்த்து மாட்டவே கூடாது.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது

பரீட்சை எளிது. கணினியை முழுதாக அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பழைய டிஸ்க்கின் கேபிளை உருவி, ஆன் செய்யுங்கள். கேபிள் எட்டாத இடத்தில் இருந்தால், பல தாய்ப்பலகைகளில் ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய் அந்த சாட்டா போர்ட்டை மட்டும் முடக்கலாம். விண்டோஸ் வந்தால், இரண்டு மூன்று முறை அணைத்து ஆன் செய்து, ஒரு புதுப்பிப்பும் போட்டுப் பாருங்கள். வராவிட்டால் கேபிளைத் திரும்ப மாட்டினால் பழையபடி எல்லாம் இருக்கும். தங்கைக்கு இந்த வசதி இருக்கவில்லை. அவள் டிஸ்க் சாகத் தொடங்கிய பிறகுதான் கழற்றினாள். பழைய டிஸ்க் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

பரீட்சை தேறியதும் பழையதை உடனே அழிக்காதீர்கள். சில வாரங்கள் அப்படியே அலமாரியில் இருக்கட்டும், ஏதோ ஒரு கோப்பு நினைவுக்கு வரும். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் விஷயத்தில் ஹார்ட் டிஸ்க் எஸ்எஸ்டியைவிட நம்பகமானது. வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி எழுதித் தீர்க்கக்கூடிய தன் ஆயுளை முடித்த நிலையில், மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தரவைக் காத்தால் போதும் என்பதுதான் சில்லுத் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் தரநிலை. அப்புறம் அழிக்கும் நாள் வந்தால், டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் எண்ணை மட்டும் நம்பாமல் அளவையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அந்த எண் மாறக்கூடும். க்ளீன் கட்டளை பார்ட்டிஷன் பட்டியலைத்தான் நீக்கும். டிஸ்க்கை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் க்ளீன் ஆல் போட்டு முழுக்கப் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும், 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு அது மணிக்கணக்கில் ஓடும். முடிந்ததும் ஃபர்ம்வேர் பட்டியலில் பழைய டிஸ்க்கின் பூட் பெயர் இன்னும் மேலே நின்றால், புதியதை முதலிடத்துக்கு ஏற்றிச் சேமித்துவிடுங்கள்.